மேல்வீட்டு டாக்டரம்மாவுக்குத் தெரியாதவை

திருவண்ணாமலையில் வழி கேட்டுப் பதில் கிடைக்காமல் நின்றவர் எவரும் இருக்க முடியாது. ஒருவரைக் கேட்டால் நான்கு பேர் கை நீட்டுவார்கள். அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்காவது வழி தெரியாது. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா, ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி ஏதோ அலுவலகத்தைக் கேட்ட குடும்பத்திடம் "தெரியலீங்க" என்றார். அவ்வளவுதான். ஆட்டோவில் இருந்தவர்களின் முகம் சுண்டிவிட்டது. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு தெரியாது என்று ஒருவர் சொல்வாரா? திமிர் என்றே நினைத்திருப்பார்கள். வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நானும், அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அக்கா பிறகு தெருமுனைக் கடைவரை நடந்து போய், விசாரித்துக்கொண்டு வந்து, ஆட்டோக்காரருக்கு வழி சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். அதைப் பார்ப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். என் மாமனார் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இது.

மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு எங்களோடு இருந்தார். என் கணவருக்கு வேலூரில் வேலை. விடிந்ததும் பேருந்து ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனவே பகல் முழுவதும் வீட்டில் நான், ஒன்றரை வயது மகள், மாமா. நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு வேலைக்குத்தான். எதற்கெல்லாம் பயப்படலாம் என்பதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவேன்.

அக்கா குடிவந்த வாரமே அவருக்குக் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. அதில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. மாமாவுக்கு அது போதும். இதயத்தில் ஆராய்ச்சி என்று அக்கா சொன்னதையும் இதையும் சேர்த்து, மேல் வீட்டில் ஹார்ட் டாக்டர் குடிவந்திருக்காங்க என்று பால் கொடுக்கிறவரிலிருந்து அயர்ன் வண்டிக்காரர் வரை சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் தெருவிலிருந்து மூன்று பேர் ஈசிஜி தாளோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா அந்தத் தாள்களைக் கையில் வாங்கவே இல்லை. தான் அந்த டாக்டர் இல்லை, உடம்பிலுள்ள செல்லைப் பற்றிப் படித்து அந்தப் பட்டம் வாங்கியவள், இந்தக் கோடுகளைப் படிக்கத் தனக்குத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். வந்த ஓர் அம்மா விடவில்லை. படிக்கத் தெரியாவிட்டால் நாடியாவது பிடித்துப் பார்க்கலாமே என்று கையை நீட்டினார். அதுவும் தெரியாது என்றார் அக்கா. மாமாவுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இன்னா டாக்டரம்மா, எது கேட்டாலும் தெரியலன்ற. அப்ப இன்னாதான் தெரியும் உனுக்கு?"

"கொஞ்சம் தெரியும் மாமா. கம்மிதான்."

அந்தக் கம்மி என்ன என்பதை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அக்கா போளூர்ப் பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பம். அப்பா இன்னும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் போனில் சிக்னல் ஒரு கோடு கூட வராது என்பதால், பெங்களூரில் செய்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக உட்கார்ந்து எழுத எங்கள் மாடியை எடுத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். எலியைத் தொட மாட்டேன் என்று சொன்னதால், ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்க்கிற மனித இதயச் செல்களைக் கொடுத்தார்களாம். அதையும் சும்மா விடவில்லை மாமா. அதுவும் உசுருதானே, அதைக் கஷ்டப்படுத்தினால் பாவமில்லையா என்று கேட்டார். அக்கா உண்மையாகவே யோசித்துவிட்டு, அதுவும் தெரியல என்றார்.

போனில் ஒரு வீடியோ வைத்திருந்தார். வட்டமான சின்னத் தட்டு, அதற்குள் மங்கலாக ஒரு பரப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் பரப்பு முழுவதும் ஒன்றாகச் சுருங்கி விரியும். உடம்பு இல்லை, ரத்தம் இல்லை, ஆனாலும் துடித்தது. என் மகள் அதைப் பார்த்து உள்ளங்கையை மூடித் திறந்து காட்டினாள். அன்றிலிருந்து அக்கா அவளுக்கு டப்டப் ஆன்ட்டி. மாமா அந்தத் துடிப்புக்கு ஏற்ப "ரைட்... ரைட்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சளி, பல், பேதி என்று தினம் ஒன்றைக் கொண்டுபோய் அக்காவிடம் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இது சாதாரணச் சளிதானே என்று கேட்பேன். ஆமாம் என்று சொன்னால் போதும், நிம்மதியாகப் போய்விடுவேன். சொல்ல மாட்டார். "தெரியல. மூச்சு விடறப்ப வெலா உள்ள இழுக்குதான்னு பாருங்க. இழுத்தா டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தத் 'தெரியல'வுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு வாக்கியம் இருக்கிறது என்பதைக் கவனிக்கவே எனக்கு ரொம்ப நாளாயிற்று.

ஒருமுறை செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் இருக்கிற ஒரு காபிக் கடைக்கு என்னையும் குழந்தையையும் அழைத்துப்போனார். பக்கத்து மேசையில் ருத்திராட்சம் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், அக்கா இதய ஆராய்ச்சி செய்பவர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். ஆசிரமத்து மகான் சொன்னபடி உண்மையான இதயம் மார்பின் வலது பக்கம் இருக்கிறது, விஞ்ஞானியாக நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வலது பக்கம் நான் இன்னும் பார்த்ததில்லை என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கண்ணை மூடி, கை கூப்பி, ரொம்ப ஆழமான பதில் என்று அக்காவின் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டோவில் வரும்போது அக்கா குழம்பிப்போயிருந்தார். "நான் உண்மையத்தானே சொன்னேன், அவர் ஏன் கும்பிட்டாரு?"

மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பொங்கல் வடை சாப்பிட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கேஸ் என்று அவரே முடிவு செய்தார். பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, கேஸ்தான், சோடா குடுங்க என்றார். என் கணவர் சோடா வாங்க ஓடினார். நான் மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். மாமாவின் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஏன் இப்படி வேர்க்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று மோரையே கலக்கிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். மாமாவிடம் வலி எங்கே, கைக்கு வருகிறதா என்று மட்டும் கேட்டார்.

"கேஸா இல்லையான்னு எனக்குத் தெரியல. இங்க யாருக்குமே தெரியல. தெரியாதப்ப வீட்ல உக்காரக் கூடாது. அண்ணா, கார எடுங்க."

பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்தார். கேஸ் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து, சில நாட்களில் அனுப்பிவிட்டார்கள். என் கணவர் கையில் சோடா பாட்டிலோடுதான் ஆஸ்பத்திரி வரை வந்திருந்தார் என்பதை மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

மாமா வீட்டுக்கு வந்ததும் என் ராஜ்ஜியம் தொடங்கியது. உப்பைக் குறை என்றார் டாக்டர், நான் நிறுத்தியே விட்டேன். கொஞ்ச நாள் எடை தூக்க வேண்டாம் என்றார், நான் குழந்தையை அவர் பக்கமே விடவில்லை. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் தாத்தா தாத்தா என்று அழுவாள், அந்தப் பக்கம் மாமா இருமுவதுபோலச் சமாளிப்பார். மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நாற்காலியை வாசலிலிருந்து எடுத்து உள்ளறையில் போட்டேன். அவருடைய நெஞ்சுக்குள் ஒரு புண் இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் பிய்ந்துகொள்ளும் என்பதுதான் ராத்திரி பகலாக என் மனத்தில் ஓடிய படம்.

புண் ஆறிவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன். மாமாவோட இதயத்தைப் பத்தி எனக்குத் தெரியாது, தட்டுல பாத்ததச் சொல்றேன் என்றுதான் ஆரம்பித்தார்.

ரத்தம் கிடைக்காமல் ஒரு பகுதிச் செல்கள் செத்துப்போகின்றன. புதுச் செல்கள் அந்த இடத்துக்கு முளைத்து வருவது அபூர்வம். வேறு செல்கள் வந்து செத்ததைச் சுத்தம் செய்யும், இன்னும் சில வந்து நார் போல நெய்து தழும்பு போடும். அந்தத் தழும்பு இல்லாவிட்டால் இதயத்தின் சுவர் தாங்காது. இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதாம். அக்கா பார்த்தது அந்தப் புண்ணின் ஓரத்தில், சாகாமல் தப்பித்து நிற்கிற இதயச் செல்களை. அவை சும்மா துடித்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. சேதி அனுப்புகின்றன. யார் வர வேண்டும், எவ்வளவு நெய்ய வேண்டும் என்பதில் அந்தச் சேதிக்குப் பங்கு இருக்கிறது. தட்டில் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் இதயச் செல், கீழே தழும்பு நெய்கிற செல், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள ஒரு தாள். ஒன்றையொன்று தொட முடியாது, நீர் மட்டும் போய்வரும். மேலே இருப்பதற்குக் காற்றைக் குறைத்தால், கீழே இருப்பது தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. அதைத்தான் வருஷக்கணக்கில் பார்த்தாராம்.

"அப்ப அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க" என்றேன்.

"மாதிரி வேணாம். செல்லுக்கு வீடு கிடையாது."

மாதிரி என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. நான் விடாமல் கேட்டேன். இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

"நெய்ய ஆரம்பின்னு சொல்ற சேதி சிலது தெரிஞ்சிருக்கு. போதும், நிறுத்துன்னு சொல்றது எதுன்னுதான் தேடுறேன். நிறுத்தலன்னா நல்லா இருக்கற எடமும் வெறச்சுப்போயிடும். துடிக்க முடியாது."

கையில் மாமாவின் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளறையில் போட்ட நாற்காலி கண்ணில் வந்தது. என்னைத்தான் குத்திக் காட்டுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அக்கா விழித்தார். "நான் செல்லப் பத்தித்தானே சொன்னேன்?" அவருக்கு ஜாடை பேசத் தெரியாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கீழே வந்து நாற்காலியை வாசலுக்கு மாற்றினேன். குழந்தையை மாமாவின் மடியில் உட்காரவைத்தேன். தூக்கக் கூடாது, மடியில் மட்டும் என்று நான்கு முறை சொன்னேன்.

அதோடு நான் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பௌர்ணமி வந்தது. வேலையில் இருந்த காலத்திலிருந்து மாமா தவறவிடாத ஒன்று கிரிவலம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒரு பௌர்ணமி தவறிவிட்டது. இரண்டாவது நெருங்கும்போது, பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தார். அவருடைய செருப்பை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மாலை நான்கு மணி இருக்கும். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. ஓடிப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தேன். செருப்பு இருந்தது. அப்பாடா, எங்கேயும் போகவில்லை என்று தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கிரிவலத்துக்கு யார் செருப்புப் போட்டுக்கொண்டு போவார்கள்?

அக்கா மேலே சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டை மூடிவைத்துவிட்டு வந்தார். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். மாமா வெகு தூரம் போயிருக்கவில்லை. மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். வேங்கிக்கால் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சும்மா, ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டேன்" என்றார், இன்னும் கிளம்பாமல் நிற்பதற்கு நான் காரணம் கேட்டதுபோல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அக்கா தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். முழுச் சுற்று இப்போது வேண்டாம், அது டாக்டர் சொன்னது. தினம் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும், வலியோ மூச்சிரைப்போ வந்தால் உடனே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும், அதுவும் டாக்டர் சொன்னது. மறுபரிசோதனைக்குப் போனபோது கூட இருந்து கேட்டவர் அவர்தான்.

மாமா, ஒரு பயணி தவறான இடத்துக்குச் சீட்டுக் கேட்டதைத் தீர்த்துவைக்கிற குரலில் சொன்னார்.

"அப்ப ஸ்டேஜ் ஸ்டேஜா போறேன். மலையச் சுத்தி எட்டு லிங்கம் இருக்குதில்ல? இன்னிக்குக் கோபுரத்துல ஏறி அக்னி லிங்கத்துல எறங்கிக்கறேன். அடுத்த பௌர்ணமிக்கு அக்னி லிங்கத்துல ஏறி எமலிங்கம். வுட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சா சுத்து சுத்துதானே?"

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னும் ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. அனுப்பிடறேன்."

"அது தெரியல."

"ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு இன்னா கொறஞ்சுடும்?"

எனக்கே என் குரல் தடிப்பாகக் கேட்டது. அக்கா கோபப்படவில்லை.

"இன்னிக்கு தெரியாம ஒன்னும் ஆகாதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் வண்டிய எடுங்கன்னு சொன்னா நீங்க எடுக்க மாட்டீங்க. தெரியல. ஆனா கூட வரேன்."

பிறகு மாமாவிடம் திரும்பி, "இப்படித் துண்டு துண்டாப் போனா கிரிவலக் கணக்குல வருமான்னும் எனக்குத் தெரியல மாமா" என்றார்.

"அது எனுக்குத் தெரியும். ஏறு."

மூன்றாவது பேருந்தும் கூட்டமாகத்தான் வந்தது. நடத்துநர் மாமாவின் பழைய தோழர். இறங்கி வந்து, கை கொடுத்து ஏற்றினார்.

அன்றைக்கு நடந்த நடையைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்ற விதியை மாமா வரமாக எடுத்துக்கொண்டார். கோபுர வாசலிலிருந்து வாய் மூடவில்லை. நான் குழந்தையோடு ஓரடி பின்னால். அக்கா பக்கத்தில். ஜனங்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். இந்திர லிங்கத்தில் மாமா உள்ளே போய்க் கும்பிட, அக்கா வெளியே அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஓரிடத்தில் மாமாவின் பேச்சு சட்டென்று நின்றது. அக்கா உடனே ஒரு கடை வாசலில் நாற்காலி கேட்டு வாங்கி அவரை உட்காரவைத்தார்.

"ஏன் மாமா பேசல? வலிக்குதா?"

"இல்லம்மா. எமலிங்கத்துக்கும் நிருதி லிங்கத்துக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தியாச்சே, அத ரெண்டு ஸ்டேஜாக் கிழிச்சிடலாமான்னு யோசன பண்ணிக்கினு இருந்தேன்."

அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. என் இடுப்பில் இருந்த மகள் எதற்கென்று தெரியாமலே உள்ளங்கையை மூடித் திறந்து டப்டப் என்றாள். அக்னி லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். பொழுது சாய்ந்துவிட்டதால் அக்கா அன்று சாப்பிடவில்லை. மாமாவுக்கு அது தாங்கவில்லை. அடுத்த பௌர்ணமியிலிருந்து, டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்துக்குள் வண்டி ஷெட்டுக்குப் போயிடணும் என்று மூன்று மணிக்கே கிளம்ப ஆரம்பித்தார்.

வருண லிங்கம் வரை அக்கா வந்தார். பிறகு எழுதியது முடிந்து, வேறு நாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று, அங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்றேன். பார்க்கலாம் என்றார். மீதி ஸ்டேஜுக்கெல்லாம் நான்தான் மாமாவோடு போனேன். மனதுக்குள் பயந்துகொண்டேதான் போனேன். பயந்துகொண்டே கூடப் போகலாம் என்பது எனக்கு அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை.

ஈசான்ய லிங்கத்தைத் தாண்டிக் கோபுர வாசலுக்கு வந்து சுற்றை முடித்த அன்று, மாமா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். வண்டி நிற்கிற விசில். கோபுரத்துக்கு முன்னால் அவரையும் மகளையும் நிற்கவைத்துப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். முடித்துவிட்டார், இப்போதாவது சொல்லுங்கள், உள்ளே எல்லாம் நன்றாக ஆறியிருக்கும்தானே என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குரல் செய்தி வந்துவிட்டது. வாசலில் நின்று மூவரும் கேட்டோம். முதலில் சிரிப்பு. அப்புறம் அந்தப் பழைய குரல்.

"தெரியல. தழும்பு இருக்கும், அது போகாது. அது இருக்கறதாலதான் சுவர் நிக்குது. இன்னொரு சுத்து போயிட்டு வரச் சொல்லுங்க, பாக்கலாம்."

மாமா அதை இரண்டாவது முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கால்களைக் கழுவிக்கொண்டு வாசல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேத்தி அவர் மடியில் ஏறினாள்.

"கேட்டியாம்மா? டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றார் என்னிடம். "அடுத்த பௌர்ணமிக்குக் கெளம்பணும். என் செருப்ப எடுத்து ஒளிச்சு வெச்சுடு."